கணக்கும் இயற்பியலும் பிடித்த பெண்ணை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ படிக்கிறாள், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். கணக்கும் பிசிக்ஸும் என்றால் சாப்பாட்டைக்கூட மறந்துவிடுவாள். உறவினர்கள் ‘பேசாமல் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்கில் போடு’ என்கிறார்கள். கணக்கு ஆசிரியை ‘பி.எஸ்சி. மேத்ஸ் படிக்கட்டும், இவளுக்கு அதுதான் சரி’ என்கிறார். பி.எஸ்சி. படித்தால் வேலை கிடைக்காது என்பது உண்மையா?

இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அவளுக்குப் பிடித்திருப்பது சரியாக எது? அது சோறு போடுமா? இப்போது எடுக்கும் முடிவு தப்பாகிவிட்டால் திரும்பி வர வழி இருக்கிறதா? மூன்றாவதை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான் என்று நினைக்கிறேன். அதற்குத்தான் தெளிவான பதிலும் இருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வழி இரண்டு பக்கமும் இருக்கிறது, ஆனால் அகலம் ஒன்றல்ல. பி.இ. முடித்த ஒருவர் அறிவியல் பக்கம் வர நினைத்தால் ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஜாம் தேர்வு எழுதி எம்.எஸ்சி. சேரலாம், ஜெஸ்ட் எழுதிச் சில ஆய்வு நிறுவனங்களில் இயற்பியலில் ஒருங்கிணைந்த பி.எச்டி.க்கு முயலலாம்; ஆய்வு உதவித்தொகைக்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வுக்கும் பி.இ. பட்டம் ஏற்கப்படுகிறது. பி.எஸ்சி. கணிதமோ இயற்பியலோ முடித்தவர் தொழில்நுட்பப் பக்கம் போக நினைத்தால் இரண்டாண்டு எம்.சி.ஏ. இருக்கிறது, எம்.எஸ்சி. தரவு அறிவியல் இருக்கிறது, நேரடி இரண்டாமாண்டு பி.இ. சேர்க்கையும் இருக்கிறது, எம்.எஸ்சி. முடித்துக் கேட் நுழைவுத் தேர்வு எழுதிச் சில எம்.டெக். படிப்புகளிலும் சேரலாம். ஆனால் பி.எஸ்சி.யிலிருந்து சிவில், மெக்கானிக்கல் போன்ற துறைகளின் முழு வேலைக்குள் போவது கடினம், இரண்டு மூன்று ஆண்டுகள் கூடுதலாகப் போகும். பி.இ.யிலிருந்து கணித ஆய்வுக்குப் போவதில் தடை வேறு மாதிரியானது. பட்டம் குறுக்கே நிற்காது. நான்கு ஆண்டுகளாக நிரூபணம் எழுதிப் பழகாத கைதான் குறுக்கே நிற்கும். ஆக, எந்த முடிவும் ஆயுள் தண்டனை இல்லை. திரும்பி வருவதற்குச் செலவு உண்டு, அவ்வளவுதான்.

இனி முதல் கேள்வி. ‘கணக்கு பிடிக்கும்’ என்று சொல்லும் மாணவர்களுக்குப் பிடித்திருப்பது ஒரே விஷயம் இல்லை. சிலருக்குப் பிடித்தது நூற்றுக்கு நூறு வாங்கும் சுகம்: தெரிந்த வகைக் கணக்கு, தெரிந்த வழி, கடைசியில் விடை சரியாக வந்து உட்காரும் அந்தக் கணம். இதில் கேவலம் ஒன்றுமில்லை, ஆனால் இது கல்லூரிக் கணிதம் இல்லை. சிலருக்கு ‘ஏன் இது எப்போதும் உண்மை?’ என்ற கேள்வி விடாது. சிலருக்குக் கணக்கு ஒரு கருவி, அதை வைத்து ஒரு பொருள் எப்படி நகர்கிறது என்று முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். சிலருக்கு அந்தப் பொருளைக் கையில் எடுத்துக் கழற்றிப் பார்க்க வேண்டும். முதல் வகை எந்தப் படிப்பிலும் பிழைத்துக்கொள்ளும். மற்ற மூன்றும் வெவ்வேறு கதவுகளுக்குப் போகின்றன. உங்கள் மகள் எந்த வகை என்று மதிப்பெண் பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது. மூன்று சனிக்கிழமைகளில் கண்டுபிடித்துவிடலாம், செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

முதல் சனிக்கிழமை அவளிடம் இந்தக் கேள்வியைக் கொடுங்கள். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த ஆறு பேரில் ஒருவருக்கொருவர் அறிமுகமான மூன்று பேராவது இருப்பார்கள். இல்லையென்றால் ஒருவருக்கொருவர் முன்பின் தெரியாத மூன்று பேராவது இருப்பார்கள். யார் எந்த ஆறு பேராக இருந்தாலும் இது நடந்தே தீரும். ஏன்? சூத்திரம் எதுவும் இதற்கு உதவாது. இணையத்தில் தேடக் கூடாது, இரண்டு மணி நேரம் தாளும் பேனாவும் மட்டும். விடை வந்ததா என்பது முக்கியமில்லை. (ஒருவரை எடுத்துக்கொண்டு மற்ற ஐந்து பேரை அவருக்குத் தெரிந்தவர், தெரியாதவர் என்று பிரித்தால் ஒரு பக்கத்தில் மூன்று பேராவது விழுவார்கள், அங்கிருந்து இரண்டே அடி.) நீங்கள் கவனிக்க வேண்டியது அவள் முகத்தை. அரை மணியில் ‘இது சிலபஸில் இல்லை’ என்று தள்ளிவிட்டாளா? இரவுச் சாப்பாட்டில் ‘சரி, ஐந்து பேர் என்றால் ஏன் இது பலிக்கவில்லை?’ என்று அவளாகவே கேட்டாளா? கேட்டிருந்தால் ஆசிரியை சொன்னது சரி. ஐந்து பேரை வட்டமாக உட்கார வைத்து, ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் இருப்பவரை மட்டும் தெரியும் என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மீதியை அவளே பார்த்துக்கொள்வாள்.

இரண்டாவது சனிக்கிழமை ஒரு மீட்டர் நூலும், சைக்கிள் நட்டு ஒன்றும், போனில் இருக்கும் ஸ்டாப்வாட்சும் போதும். ஊசல் கட்டி ஆட விட்டுப் புவியீர்ப்பு முடுக்கத்தை அளக்க வேண்டும். விடை 9.8 என்று அவளுக்கு முன்பே தெரியும். அதனால் கேள்வி வேறு: உன் அளவீட்டில் எத்தனை சதவீதம் பிழை, அதில் பெரிய பங்கு எதிலிருந்து வருகிறது? ஒரு மீட்டர் ஊசலின் அலைவு நேரம் ஏறக்குறைய 2 விநாடி. ஒரே ஒரு அலைவை அளந்தால் பொத்தானை அழுத்துவதில் வரும் 0.2 விநாடித் தடுமாற்றமே பத்து சதவீதம். நேரம் வர்க்கமாக வருவதால் விடையில் அது இருபது சதவீதமாகிவிடும். இருபது அலைவுகளைச் சேர்த்து அளந்தால் அதே 0.2 விநாடி 40 விநாடியில் அரை சதவீதம், விடையில் ஒரு சதவீதம். நூலின் நீளத்தில் 5 மில்லிமீட்டர் தவறினால் இன்னொரு அரை சதவீதம். இவற்றையெல்லாம் சரி செய்த பிறகும் விடை கொஞ்சம் குறைவாகவே வந்தால், நட்டை எவ்வளவு தூரம் இழுத்து விட்டாள் என்று பார்க்க வேண்டும். 20 டிகிரி இழுத்துவிட்டால் அலைவு நேரம் முக்கால் சதவீதம் கூடும், விடை ஒன்றரை சதவீதம் குறையும். பாடப்புத்தகச் சூத்திரம் சிறிய கோணத்துக்கு மட்டும் என்று ஒரு வரி இருக்குமே, அதன் விளைவு இது. இந்தத் துப்பறியும் வேலை அவளுக்கு ருசித்தால் சோதனை இயற்பியலோ, கருவிகளோடு புழங்கும் பொறியியலோ அவளுக்கு ஒத்துவரும். 9.8 வருகிற மாதிரி ரீடிங்கைப் பின்னாலிருந்து போட்டு எழுதிவிட்டாள் என்றால் அவளைக் குறை சொல்லாதீர்கள். நம் செய்முறைத் தேர்வுகள் அதைத்தான் பழக்கியிருக்கின்றன. ஆனால் அந்தப் பழக்கத்தோடு பி.எஸ்சி. இயற்பியல் போனால் மூன்று ஆண்டும் ரெக்கார்டு நோட்டு எழுதுவதிலேயே போய்விடும்.

மூன்றாவது சனிக்கிழமைக்குக் கணினி வேண்டும். பள்ளியில் இருப்பதே போதும். தமிழ்நாட்டுப் பிளஸ் டூ கணினி அறிவியலில் பைத்தான் இருக்கிறது, அதனால் மொழியும் புதிதில்லை. ஒரு ஸ்பிரிங்கில் கட்டிய எடை ஆடுவதைச் சின்னச் சின்ன நேர அடிகளாகக் கணக்கிட வேண்டும்: இப்போதைய வேகத்தைக் கொண்டு அடுத்த இடம், இப்போதைய விசையைக் கொண்டு அடுத்த வேகம். பத்து வரிதான். நிறையும் ஸ்பிரிங் மாறிலியும் 1, நேர அடி 0.1 என்று வைத்துக்கொண்டால் ஒரு விசித்திரம் தெரியும். ஸ்பிரிங் ஆட ஆட வீச்சு பெரிதாகிக்கொண்டே போகும். ஒவ்வொரு அடியிலும் ஆற்றல் 1.01 மடங்காகிறது, நூறு அடியில் சுமார் 2.7 மடங்கு. உராய்வே இல்லாத ஸ்பிரிங்குக்கு இந்த ஆற்றல் எங்கிருந்து வந்தது? நிரலில் ஒரே ஒரு வரியை இடம் மாற்றி, முதலில் வேகத்தைப் புதுப்பித்து அந்தப் புதிய வேகத்தால் இடத்தைக் கணக்கிட்டால் வீச்சு கட்டுக்குள் நிற்கும். ‘ஒரு வரி இடம் மாறியதற்கு இத்தனை வித்தியாசமா?’ என்று அவள் நிமிர்ந்து உட்கார்ந்தால், பயன்பாட்டுக் கணிதமும் கணினிவழி அறிவியலும் அவளுடைய பக்கம். வானிலை முன்கணிப்பிலிருந்து ராக்கெட் பாதை வரைக்கும் இதே கவலையோடுதான் வேலை நடக்கிறது.

மூன்றுமே பிடித்தால்? நடக்கும். அப்போது ஒரு பாடத்தில் சீக்கிரம் பூட்டாத படிப்பாகப் பார்க்க வேண்டும். அதற்கு ஐசர் எனப்படும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனங்கள் நல்ல பொருத்தம். நாட்டில் ஏழு இருக்கின்றன. நமக்குப் பக்கம் திருவனந்தபுரமும் திருப்பதியும். அங்கே ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். படிப்பில் தொடக்கத்தில் எல்லா அறிவியலும் படித்துவிட்டுப் பிறகு முதன்மைப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். நுழைவுத் தேர்வில் 60 கேள்விகள், உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் ஒவ்வொன்றிலும் 15. சரியான விடைக்கு 4, தப்புக்கு 1 கழிவு. கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் மாணவர்கள் ‘எனக்கு உயிரியல் தெரியாதே’ என்று விண்ணப்பமே போடுவதில்லை; இது வீண் பயம். உயிரியலைக் காலியாக விட்டாலும் 240க்கு 180 மிச்சமிருக்கிறது. உத்தேசமாகக் குறித்து மைனஸ் வாங்கினால்தான் நஷ்டம். இதே தேர்வின் மதிப்பெண்ணைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் நான்காண்டு இளநிலை அறிவியல் படிப்பும் ஏற்கிறது. நெஸ்ட் என்பது வேறு தேர்வு. அது புவனேஸ்வரில் இருக்கும் நைசர் என்ற தேசிய அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனத்துக்கும் மும்பையில் உள்ள அணுசக்தித் துறை சார்ந்த மையத்துக்கும் உரியது.

நிரூபணத்தில் சிக்கியவளாக இருந்தால் சென்னைக்குப் பக்கத்திலேயே சிறுசேரியில் சென்னை கணிதவியல் கழகம் இருக்கிறது. சி.எம்.ஐ. என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். 1989இல் கணிதவியலாளர் சி.எஸ். சேஷாத்ரி தொடங்கியது, கணிதமும் கணினி அறிவியலும் ஒரு பி.எஸ்சி. ஆனர்ஸ், கணிதமும் இயற்பியலும் இன்னொன்று. உங்கள் மகளின் இரண்டு பாடங்களையும் ஒரே பட்டத்தில் வைத்திருக்கும் அந்த இரண்டாவது படிப்பைப் பற்றித் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் சொல்வார் இல்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் புள்ளியியல் நிறுவனம் 1931இல் மகலனோபிஸ் தொடங்கியது. பெங்களூருவில் பி.மேத்., கொல்கத்தாவில் பி.ஸ்டாட்.; கல்விக் கட்டணம் கேட்காமல் மாத உதவித்தொகையும் கொடுக்கும் படிப்புகள். இரண்டு நிறுவனங்களின் நுழைவுத் தேர்விலும் படிப்படியாக எழுதிக் காட்ட வேண்டிய பகுதி உண்டு. ஜே.இ.இ. பயிற்சி மையங்கள் பழக்கும் வேகம் அங்கே பாதிதான் உதவும். பழைய வினாத்தாள்கள் அவர்களுடைய தளங்களிலேயே கிடைக்கின்றன. ஒரு வினாவுக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் வாரத்துக்கு நான்கு போட்டு, எழுதியதை ஆசிரியையிடம் காட்டிக் குறை கேட்க வேண்டும். ‘விடை சரிதானே’ என்று விட்டுவிட்டால் பயிற்சியே நடக்கவில்லை என்று அர்த்தம்.

இவை எதுவும் கிடைக்காமல் பக்கத்து ஊர் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தால் என்ன ஆகும்? பெரும்பாலோருக்கு நடப்பது இதுதான் என்பதால் மறைக்காமல் சொல்கிறேன். முதல் ஆண்டில் ஒரு அதிர்ச்சி காத்திருக்கிறது. பள்ளியில் எல்லை என்பது மதிப்பைப் பிரதியிட்டு எடுக்கும் ஒரு எண். கல்லூரியில் ‘எவ்வளவு சிறிய இடைவெளியைக் கேட்டாலும் அதற்குள் கொண்டுவர முடியும்’ என்று நிறுவிக் காட்ட வேண்டும். இதைப் புரிந்துகொள்ளச் சராசரி மாணவருக்கு இரண்டு மூன்று மாதமாகும். பல வகுப்புகளில் அந்த மாதங்கள் கிடைப்பதில்லை, தேற்றத்தை மனப்பாடம் செய்து செமஸ்டரில் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். 85 சதவீதம் வாங்கிய பட்டதாரி ஜாம் தேர்வில் திணறுவதற்குக் காரணம் இதுவே. தப்பிக்க வழி உண்டு. ஒவ்வொரு தேற்றத்திலும் ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டால் எங்கே உடைகிறது என்று ஓர் எடுத்துக்காட்டு தேடிப் பழக வேண்டும். ஐ.ஐ.டி.கள் இணையத்தில் தரும் என்.பி.டெல். வகுப்புகள் இலவசம். கோடை விடுமுறையில் எம்.டி.டி.எஸ். என்ற கணிதப் பயிற்சி முகாமுக்கு விண்ணப்பிக்கலாம். அறிவியல் அகாடமிகள் நடத்தும் கோடை ஆய்வு உதவித்தொகைக்கும் போடலாம். மூன்றாம் ஆண்டு பிப்ரவரியில் வரும் ஜாம் தேர்வுக்கு முந்தைய செப்டம்பர், அக்டோபரிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும். அதில் 30 கேள்விகளுக்கு மட்டுமே மைனஸ். மற்ற 30க்குத் தப்பு விடை எழுதினாலும் கழிக்க மாட்டார்கள். இது தெரியாமல் காலியாக விட்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அதே பி.எஸ்சி.யோடு சேர்த்துச் சென்னை ஐ.ஐ.டி. நடத்தும் இணையவழி தரவு அறிவியல் பட்டத்தையும் படிக்கலாம். ஜே.இ.இ. வேண்டாம், நான்கு வாரப் பாடம் படித்து அவர்கள் வைக்கும் தகுதித் தேர்வில் தேறினால் போதும். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க யு.ஜி.சி. 2022 முதல் அனுமதிக்கிறது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் முதல் செமஸ்டரிலேயே இரண்டையும் ஏற்ற வேண்டாம். கல்லூரிப் பாடம் காலூன்றட்டும், இரண்டாம் ஆண்டில் தொடங்கலாம்.

பொறியியலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் அதைச் சொல்ல உங்களைச் சுற்றி நிறையப் பேர் இருக்கிறார்கள். கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கட்-ஆஃப் போடுவதால் உங்கள் மகள் போன்றவர்களுக்குக் கலந்தாய்வில் இயல்பாகவே சாதகம். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத ஒதுக்கீடும் உண்டு. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசு ஏற்கிறது. கணக்கும் இயற்பியலும் உயிரோடு இருக்கும் பிரிவு எது என்று கேட்டால் மின்னணுவியலும் மின்னியலும் என்பேன். சிக்னல், கட்டுப்பாட்டு அமைப்பு, மின்காந்தம் என்று நான்கு ஆண்டும் அந்த இரண்டும் பின்னிப் பிணைந்தே வரும். கம்ப்யூட்டர் பிரிவில் இயற்பியல் முதல் ஆண்டோடு ஏறக்குறைய விடைபெற்றுக்கொள்ளும். நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் வேறு உடையில் வரும். மூன்றாவது சனிக்கிழமை மட்டும் பிடித்தவளுக்கு அது போதும். முதல் இரண்டும் பிடித்தவளுக்குப் போதாது.

இனி சோறு. ஆராய்ச்சிப் பாதையின் கால அட்டவணை இது. எம்.எஸ்சி. வரை ஐந்து ஆண்டு, வயது 22, 23. பி.எச்டி. ஐந்து முதல் ஆறு, வயது 28, 29. அதன் பிறகு பெரும்பாலோர் இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் தற்காலிக ஆய்வுப் பணியில் இருந்துவிட்டே நிரந்தர வேலைக்குப் போகிறார்கள். பி.எச்டி. காலத்தில் கையில் காசு இல்லாமல் இருக்காது: ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப் படி தனி. இந்தத் தொகை 2023 ஜனவரியிலிருந்து. ஆனால் தம்பியின் படிப்போ வீட்டுக் கடனோ இவள் சம்பளத்தை எதிர்பார்த்து நிற்கிறது என்றால் இந்தப் பாதை நெஞ்சை அழுத்தும். அப்படியான வீட்டில் நல்ல அரசுப் பொறியியல் கல்லூரி கிடைத்தால் அதை எடுப்பதில் தப்பே இல்லை. இது என் கருத்து. குடும்பக் கணக்கு உங்களுக்குத்தான் தெரியும்.

முழுத் தூரம் போகாதவர்களும் வெறுங்கையோடு இறங்குவதில்லை. எம்.எஸ்சி.யோடு நிறுத்தி பி.எட். முடித்தால் முதுநிலை ஆசிரியர் தேர்வு. நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்வில் தேறினால் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும் தகுதி. எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தவர்களைப் பாபா அணு ஆராய்ச்சி மையம் ஓராண்டுப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்து விஞ்ஞானியாக எடுத்துக்கொள்கிறது. அந்தப் பயிற்சிப் பள்ளி 1957இலிருந்து நடக்கிறது, கல்பாக்கத்திலும் ஒரு கிளை இருக்கிறது. பட்டத்தில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்தால் யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு எழுதலாம். காப்பீட்டு நிறுவனங்களுக்காக அபாயத்தைக் கணக்கிடும் ஆக்சுவரி படிப்பு பத்துக்கும் மேற்பட்ட தாள்கள் கொண்டது, வேலை பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாக எழுதலாம். நிகழ்தகவு பிடித்தவர்களுக்கு மட்டும் அது சரிப்படும்.

யாரும் பேசாத ஒன்றைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும்: மருத்துவ இயற்பியல். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் ஒவ்வொரு மையத்திலும் தகுதி பெற்ற மருத்துவ இயற்பியலாளர் இருந்தே ஆக வேண்டும் என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி. எவ்வளவு கதிர்வீச்சு தேவை என்று மருத்துவர் எழுதுவார். அது எந்தக் கோணத்தில், எத்தனை கற்றைகளாக, பக்கத்து உறுப்பில் எவ்வளவு குறைவாகப் படும்படி போக வேண்டும் என்று திட்டமிடுவது இவர். காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன் இயந்திரத்தின் கதிர் அளவைச் சரிபார்ப்பது இவர் பொறுப்பு. வழக்கத்திலுள்ள தர அளவுகளின்படி அன்றாடச் சோதனையில் 3 சதவீதத்துக்கு மேல் விலகினால் இயந்திரத்தைத் தொடக் கூடாது, மாதாந்திரச் சோதனையில் 2 சதவீதம். ஊசலில் பிழை எங்கிருந்து வந்தது என்று துருவிய பெண்ணுக்கு இது அச்சில் வார்த்த வேலை. அண்ணா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. மருத்துவ இயற்பியல் இருக்கிறது, எம்.எஸ்சி. இயற்பியலுக்குப் பிறகு ஓராண்டு கதிரியக்க இயற்பியல் டிப்ளமோ இன்னொரு வழி. இரண்டிலும் மருத்துவமனைப் பயிற்சி முடிக்க வேண்டும். ஒரே எச்சரிக்கை: பெயரில் ‘மருத்துவ இயற்பியல்’ இருந்தும் வாரியத்தின் அங்கீகாரம் இல்லாத படிப்பில் சேர்ந்தால் பட்டம் கிடைக்கும், பணி கிடைக்காது. வாரியத்தின் பட்டியலைப் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம்.

உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில் இதுவரை சொன்னதில் பாதி இருக்கிறது. பி.எஸ்சி.யோடு மட்டும் நிறுத்துபவருக்குப் பாடம் சார்ந்த வேலை அரிது என்பது உண்மை. அதற்கு மேல் ஒரு படி ஏறியவருக்கு அது உண்மையில்லை. கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் முடித்தால் வேலை நிச்சயம் என்பதும் பாதி உண்மை. 2001இலும் 2008க்குப் பிறகும் வளாகத் தேர்வுகள் எப்படிச் சுருங்கின என்று அந்த ஆண்டுகளில் முடித்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். நான்கு ஆண்டு கழித்துச் சந்தை எப்படி இருக்கும் என்று உறுதியாகச் சொல்பவரிடம் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், அது உங்கள் மைத்துனராக இருந்தாலும் சரி. ஆய்வகமும் ஆசிரியரும் சரியில்லாத ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் பிரிவா, நல்ல கலைக் கல்லூரியில் பி.எஸ்சி.யா என்று வந்தால், சனிக்கிழமைச் சோதனைகளில் தேறிய பெண்ணுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். அவள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால் எந்தப் பட்டப் படிப்பானாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும்.

இதெல்லாம் கைகூட வேண்டுமென்றால் தேதிகளைக் கவனிக்க வேண்டும். நம் வீடுகளில் ‘ரிசல்ட் வரட்டும், பார்ப்போம்’ என்பது வழக்கம். ரிசல்ட் மே மாதம் வரும்போது சி.எம்.ஐ., புள்ளியியல் நிறுவனம், ஐசர் ஆகியவற்றின் விண்ணப்பங்கள் பொதுவாக மூடப்பட்டிருக்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வாரம் ஒருமுறை அந்தந்தத் தளத்தைத் திறந்து பாருங்கள். ஜே.இ.இ. மெயின் எழுதுவதானால் ஜனவரி, ஏப்ரல் என்று இரண்டு வாய்ப்பு. முதல் வாய்ப்புக்கான விண்ணப்பம் முந்தைய ஆண்டின் கடைசியிலேயே வந்துவிடும். நுழைவுத் தேர்வு விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. நான் மேலே சொன்ன கேள்வி எண்ணிக்கையைக்கூட அந்த ஆண்டின் அறிவிப்போடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டையும் டிசம்பருக்குள் எடுத்து வைத்துவிடுங்கள். மத்திய நிறுவனங்களுக்கான ஓ.பி.சி. சான்று மாநிலச் சான்றிலிருந்து வேறுபட்ட படிவம், அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

தமிழ் வழி என்பதால் ஒரு வார்த்தை. இந்தத் தேர்வுகளில் பலவற்றின் வினாத்தாள் ஆங்கிலத்தில் இருக்கும், கல்லூரியிலும் முதல் செமஸ்டர் ஆங்கிலம்தான் இடறும், கணக்கு இடறாது. பிளஸ் டூ கணித நூலின் தமிழ்ப் பதிப்பும் ஆங்கிலப் பதிப்பும் பக்கத்துக்குப் பக்கம் ஒரே பாடம், இரண்டும் இலவசமாகத் தரவிறக்கலாம். தனிநிலைக் கணிதம் என்ற கடைசிப் பாடத்தை எடுத்துக்கொள்ளட்டும். தர்க்கக் கூற்றுகள், உண்மை அட்டவணை எல்லாம் அதில்தான் வருகின்றன. நிரூபணம் எழுதும் மொழியே அது. தேர்வுக்குச் சுலபமான பாடம் என்று பலர் மேலோட்டமாகத் தாண்டிவிடுகிறார்கள். தினமும் ஒரு பக்கம் தமிழில் படித்துவிட்டு அதே பக்கத்தை ஆங்கிலத்தில் சத்தமாக வாசித்து, ஒரு கணக்கை ஆங்கிலத்தில் முழு வாக்கியங்களாக எழுதிப் பார்க்கட்டும். அரை மணி நேர வேலை. ஒவ்வொரு பாடத்துக்கும் கலைச்சொற்களை எதிரெதிர்ப் பத்தியில் எழுதிய நோட்டு ஒன்று சேரட்டும்; முதல் ஆண்டு முழுக்க அது பையில் இருக்கும்.